ஓட்டல் வேலை போனால் காளான் வளர்ப்பு

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் நாடெங்கும் ஓட்டல்கள் மூடப்பட்டன. டில்லி, மும்பை போன்ற நகரங்களில் சமையல், பரிமாறும் வேலை பார்த்த உத்தராகண்ட் மலைக்கிராமத்தார் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினர். ஊரில் இருந்ததோ தரிசாய்க் கிடந்த துண்டு நிலம். காட்டுப்பன்றி, குரங்குத் தொல்லை வேறு. தானியம் விதைத்தால் காசு பார்க்க நாலு மாதமாகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே!

ஆகவே சிலர் கோழி, ஆடு, காளான் வளர்ப்பில் இறங்கினர். அவ்வாண்டு மே மாதம் மாநில அரசும் சுயதொழில் கடனுக்கு மானியத் திட்டம் தொடங்கியது.

சிப்பிக் காளானுக்கு வயல் வேண்டாம். நிழலும் ஈரப்பதமும் உள்ள கொட்டகை போதும். வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து ஆறவிடவும். பிழிந்தால் நீர் சொட்டாத பக்குவத்தில், பாலிதீன் பையில் வித்துடன் அடுக்கடுக்காக நிரப்பவும். 15 முதல் 20 நாட்களில் பை முழுதும் வெண்மையாகப் பூசணம் படரும். அடுத்த சில நாட்களில் முதல் அறுவடை. மொத்தம் மூன்று முறை பறிக்கலாம்.

பறித்த காளான் விரைவில் வாடிவிடும். ஆகவே விற்க இடம் பார்த்த பிறகே வித்து வாங்கவும். முதலில் பத்துப் பைகள் போதும். சமையலறைக்கு எது, எவ்வளவு, எந்நேரம் வேண்டும் என்பது ஓட்டலில் இருந்தவருக்குத் தெரியும். அந்த அனுபவமே அவருக்கு முதல்.

ஓட்டல்கள் திறந்ததும் பலர் மீண்டும் நகரம் சென்றனர். அதில் தவறில்லை. ஆயினும் வீட்டில் ஒரு சிறுதொழில் நடந்துகொண்டிருந்தால், அடுத்த நெருக்கடியில் வெறுங்கையோடு நிற்க வேண்டியிராது.