குழந்தைக்கும் வரும் ஸ்ட்ரோக்: சிக்கிள் செல் நோயில் வலியைத் தாண்டி கவனிக்க வேண்டியது என்ன?

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஸ்ட்ரோக் வருமா? 'அதெல்லாம் தாத்தா, பாட்டிக்கு வர்றதாச்சே' என்று தோன்றலாம். ஆனால் சிக்கிள் செல் ரத்தசோகையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அது நிஜமான ஆபத்து. தடுப்பு சிகிச்சை பரவலாவதற்கு முன்பு அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி, இவர்களில் 100-க்கு சுமார் 11 பேருக்கு 20 வயதுக்குள் ஸ்ட்ரோக் வந்துவிடும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஊசிகூடத் தேவையில்லாத ஒரு ஸ்கேன் இருக்கிறது. அதுவும் இன்று நேற்று வந்தது இல்லை.

மூளையில் என்ன நடக்குது?

சிக்கிள் செல் ஒரு மரபணு நோய். ஆக்சிஜன் குறையும்போது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துவிடும். வழக்கமாக 120 நாள் வாழும் சிவப்பணு, இங்கே 10 முதல் 20 நாளில் உடைந்துபோகும். சின்ன ரத்தக்குழாய்களை இவை அடைத்தால் தாங்க முடியாத வலி. நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல், கண் என எதுவும் தப்பாது.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களில் கதை வேறு. அவற்றின் உள்சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, பாதை சுருங்குகிறது. செடிக்குத் தண்ணி விடும்போது டியூப் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணி பீய்ச்சி அடிக்கும் இல்லையா? அதேதான். குழாய் சுருங்கினால் அந்த இடத்தில் ரத்தத்தின் வேகம் கூடும். நெற்றிப் பக்கவாட்டில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து இந்த வேகத்தை அளப்பதுதான் டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர். வேகம் நொடிக்கு 200 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் ரெட் அலர்ட்.

பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்வு

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ் குழு, இப்படி வேகம் கூடியிருந்த 130 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினார்கள். முதல் பிரிவில் 11 பேருக்கு ஸ்ட்ரோக். இரண்டாவது பிரிவில் ஒரே ஒருவருக்கு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 1998-ல் முடிவு வெளியானது.

சரி, எத்தனை நாளைக்கு ரத்தம் ஏற்றுவது? நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்திய 41 பேரில் 14 பேருக்கு வேகம் மறுபடி ஏறியது, 2 பேருக்கு ஸ்ட்ரோக்கே வந்தது. 2005-ல் வெளியான இந்த ஆய்வும் பாதியில் நின்றது. அப்படின்னா மாதாமாதம் ரத்தம். உடம்பில் இரும்புச்சத்து சேர்ந்து இதயம், கல்லீரலைப் பாதிக்கும். அதை வெளியேற்றத் தனி மருந்து. தினக்கூலி குடும்பத்துக்கு இது சாத்தியமா?

இங்கேதான் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வருகிறது. ஒரு வருடமாவது ரத்தம் ஏற்றிக்கொண்ட, மூளை ரத்தக்குழாய்கள் மோசமாகச் சேதமாகாத குழந்தைகளை இந்த மாத்திரைக்கு மாற்றலாம் என்று 2016-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. மாதாமாதம் ரத்தம் ஏற்றுவது நடைமுறையில் கஷ்டமான நைஜீரியாவிலும் இந்த மாத்திரையை வைத்தே ஸ்ட்ரோக் தடுப்பு ஆய்வுகள் நடந்தன. மாற்றுவதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அறிகுறியே இல்லாத ஸ்ட்ரோக்

கை, கால் இழுக்காது, வாய் கோணாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் மூளையில் தழும்பு தெரியும். 'சைலன்ட் ஸ்ட்ரோக்' என்கிறார்கள். கவனம் சிதறும், பாடம் மனதில் நிற்காது. வகுப்பில் 'மந்தம்' என்று பெயர் வாங்கும் குழந்தைக்கு உண்மையில் மூளைக் காயம் இருக்கலாம். டாப்ளர் இயல்பாக இருந்தாலும் இது வரலாம் என்பதுதான் சிக்கல்.

நமக்கு என்ன சம்பந்தம்?

ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரி பழங்குடியினரிடம் இந்த மரபணுவைப் பதிவு செய்தது 1952-ல். 'இந்திய வகை லேசானது' என்று ஒரு பேச்சு உண்டு. இங்குள்ள பலருக்குக் கரு ஹீமோகுளோபின் அதிகம் என்பதால் அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் நாக்பூர் பகுதி ஆய்வுகளில் குழந்தைகள் தீவிரமாகவே பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தின் இலக்கு 7 கோடி பேருக்குப் பரிசோதனை. பரிசோதித்தவர்களுக்குக் கார்டும் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கார்டு சொல்வது மரபணு நிலையை மட்டும். மூளை ரத்தக்குழாயில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதற்கு, 2 முதல் 16 வயது வரை வருடம் ஒருமுறை டாப்ளர் எடுக்கச் சொல்கிறது அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் சிக்கிள் செல் உள்ள குழந்தை இருந்தால், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்க: 'டாப்ளர் எடுத்தாச்சா?'