மலாக்காவில் நம் சாப்பாட்டைத் தேடி...

முதல் பருவத்தின் முதல் வெள்ளிக்கிழமை. கூலிமிலிருந்து அம்மா அழைத்தார்.

"சாப்பிட்டியாய்யா?"

"சாப்பிட்டேம்மா."

"என்ன சாப்பிட்ட?"

"சோறு, சாம்பாரு."

பொய். என் முன்னால் இருந்தது இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு குவளை மைலோவும்தான்.

எஸ்.டி.பி.எம். முடித்து நான் படிக்க வந்த இடம் டுரியான் துங்கால். மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இங்குதான் உள்ளது. 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2007இல் இன்றைய பெயரைப் பெற்ற பல்கலைக்கழகம் அது. சுற்றிலும் செம்பனை, இடையிடையே தாமான்கள், ஒரு சிறு பட்டணம். சிற்றுண்டிச் சாலையில் நாசி கோரெங்கும் ஆயாம் மாசாக் மேராவும் நன்றாகவே இருக்கும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சைவம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவன் நான். சைவம் மட்டுமா? மூன்றாவது வாரத்தில் ஒரு கரண்டி ரசத்துக்காக மனம் ஏங்கத் தொடங்கியது. வீட்டு நினைவு வயிற்றின் வழியாகத்தான் முதலில் வரும் என்பதை விடுதியில் தங்கிப் படித்தவர்கள் அறிவார்கள்.

நட்சத்திரம் காட்டிய கடை

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தேடினோம். கைப்பேசியில் 'இந்திய உணவகம்' என்று தட்டினோம். அதிக நட்சத்திரம் வாங்கிய கடையைத் தேர்ந்தெடுத்து, வாடகைக் காரில் கிளம்பினோம். வண்ண விளக்கு, குளிர்சாதனம், சுவர் நிறையப் படங்கள். ஆறிப்போன சோறு, இனிக்கும் சாம்பார். போகவர வாடகையும் சேர்த்து ஆளுக்கு முப்பது வெள்ளிக்கு மேல் போய்விட்டது. பி.டி.பி.டி.என். கடன் பணம் இன்னும் வராத மாதம் அது. அடுத்த ஒரு வாரம் மெகியில் கழிந்தது.

இதை நாங்கள் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்ட பாதுகாவலர் ஐயா ஒருவர் சிரித்தார். "தம்பி, போர்டைப் பார்க்காதீங்க. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எந்தக் கடை முன்னாடி நம்ம ஆளுங்க மோட்டார் நிக்குதுன்னு பாருங்க. வேலைக்குப் போறவன் தினமும் சாப்பிடற கடைதான் நல்ல கடை" என்றார். வழியும் அவரே சொன்னார்.

தகரக் கூரைக்குக் கீழே ரசம்

அது ஓர் ஒட்டுக்கடை. பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை, நான்கு மேசை, வெளியே ஏழெட்டு மோட்டார். கடைக்கார அக்கா எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரு பிள்ளைங்க?" சோறு, பருப்பு, முருங்கைக்கீரைப் பிரட்டல், அப்பளம், ரசம். ஏழு வெள்ளி. ரசத்தைத் தனியாகக் குவளையில் வாங்கிக் குடித்தேன். மிளகு தொண்டையில் இறங்கியபோது கண் கலங்கியது. காரம்தான் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் அக்காவின் கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. அவர் பிறந்தது ஜாசின் வட்டாரத்தில், புக்கிட் அசஹான் பக்கத்துத் தோட்டத்தில். "எங்கம்மா விடியக்காலம் பிரட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே ரசம் வெச்சிரும். அந்தக் கைப்பக்குவந்தான் இது" என்பார்.

புக்கிட் அசஹான் சாதாரணப் பெயரல்ல. மலாயாவில் வாணிப நோக்கில் ரப்பர் முதன்முதலில் பயிரானது மலாக்காவில்தான். டான் சாய் யான் என்ற பாபா சீன வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். ரப்பர் பரவப் பரவ, பால் வெட்ட நம் மூதாதையர் கப்பலேறி வந்தார்கள். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம்மவர்கள் லயன் வீடுகளைக் காலி செய்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்படி வந்த பெண்கள் பலருக்குக் கையில் இருந்த மூலதனம் சமையல் ஒன்றுதான். ஒட்டுக்கடையில் நாம் சாப்பிடும் சோற்றுக்குப் பின்னால் இவ்வளவு தூரம் இருக்கிறது. எந்த நட்சத்திரமும் இதைக் காட்டாது.

வாழையிலையில் நாசி லெமாக்

இனி என் தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

என் வகுப்பில் ஒரு மாணவன். பெயரின் முடிவில் 'பிள்ளை'. நெற்றியில் விபூதி. ஆனால் தமிழ் பேசத் தெரியாது, வீட்டிலும் மலாய்தான். "தமிழ் தெரியாத தமிழன்" என்று நான் பலர் முன்னிலையில் கிண்டல் செய்தேன். அவன் பதில் சொல்லவில்லை. போகிக்கு முதல் நாள் மட்டும் வந்து, "நாளைக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாயா?" என்று மலாயில் கேட்டான்.

அவன் வீடு மலாக்கா நகரில், காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியில் இருந்தது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழர்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் மலாக்கா செட்டிகள். வீட்டு மொழி மலாயாக மாறியது, சமயம் மாறவில்லை. ஜாலான் துக்காங் எமாசில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம், ரப்பர் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே இவர்கள் இங்கே வேரூன்றியதற்குச் சாட்சி.

போகியன்று முன்னோருக்குப் படையல் வைப்பதை அவர்கள் 'பார்ச்சு' என்கிறார்கள். வாழையிலை விரித்து, விளக்கேற்றி, உணவைப் பரிமாறினார்கள். இலையில் இருந்தது நாசி லெமாக்! பக்கத்தில் பெலாச்சான் சம்பால், செராய் மணக்கும் மீன் குழம்பு. அவன் பாட்டி கண்களை மூடிக் கைகூப்பி நின்றார். கூலிமில் என் பாட்டி நிற்பதும் அப்படியேதான்.

இலையில் கை வைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. 'நம் சாப்பாடு' என்றால் என் வீட்டுச் சாப்பாடு மட்டுமே என்று எண்ணியிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சாம்பால் பத்தலையா?" என்றான். அவ்வளவுதான். இன்று அவனுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பது நான்; எனக்கு மீன் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுப்பது அவன்.

புதிதாக வருபவர்களுக்கு

புதிய ஊருக்குப் படிக்கப் போகும் தம்பி தங்கைகளே, கைப்பேசியைப் பாருங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். பாதுகாவலரிடம் கேளுங்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளி எங்கே, கோயில் எங்கே என்று விசாரியுங்கள். அவற்றைச் சுற்றித்தான் நம் கடைகள் இருக்கும். பெரும்பாலான ஒட்டுக்கடைகள் மத்தியானத்தோடு மூடிவிடும், நேரத்தோடு போங்கள். மாதம் ஒருமுறை கையில் கொஞ்சம் காசு இருந்தால், நண்பர்களாகச் சேர்ந்து மலாக்கா நகரின் லிட்டல் இந்தியாவுக்குப் போய் இலை போட்டுச் சாப்பிடலாம். டுரியான் துங்காலிலிருந்து தொலைவு அதிகமில்லை. மற்ற நாள்களில் அக்காக்களின் கடையை மறக்காதீர்கள். நாம் கொடுக்கும் ஏழு வெள்ளியில்தான் அந்த அடுப்பு எரிகிறது. முக்கியமாக, உங்களைப் போல் பேசாதவனின் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை அம்மா அழைத்தார். "சாப்பிட்டியாய்யா? என்ன சாப்பிட்ட?"

"சோறு, கீரை, ரசம்."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இது நெசந்தானே?"

கைப்பேசியை அக்காவிடம் கொடுத்தேன்.