பெட்ரோல் செலவு மிச்சம்தான். கரண்ட் பில்லையும் பார்த்துட்டு வாங்குங்க!
பேட்டரி கார் வாங்குவோர் போட வேண்டிய கணக்கு

சென்னை,
"மாசம் ஆறாயிரம், ஏழாயிரம் பெட்ரோலுக்கே போகுது. பேட்டரி கார் வாங்கினா மிச்சமாகுமா?"

கார் வாங்க நினைக்கும் சென்னைவாசிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. "கிலோமீட்டருக்கு 70 காசுதான் சார்" என்று பதிலும் சட்டென்று வந்துவிடும். ஆனால் அந்த 70 காசு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. காரணம், வீட்டு மீட்டர்!

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு 2 மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு. 501-ஐத் தொட்டால் வேறு கணக்கு. 2024 ஜூலை கட்டணப்படி, 500-ஐத் தாண்டிய வீட்டில் அதற்கு மேல் போகும் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த பாதி விலைச் சலுகையும் போச்சு.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டில் கார் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், 2 மாதத்துக்கு 300 யூனிட்டுக்குக் குறையாது. ஏற்கனவே 400 யூனிட் எரிக்கும் வீடு 700-க்குப் போகும். சுமார் 1,200 ரூபாயாக இருந்த பில் 3,900 ரூபாயை எட்டும். பில் கையில் வந்ததும் பகீரென்று இருக்கும்!

ஆனாலும் லாபம் உண்டு

பயப்பட வேண்டாம். அதே 2,000 கிலோமீட்டரை லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் ஓட்டினால் 133 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 13,300 ரூபாய். பேட்டரி காருக்குக் கூடுதலாகக் கட்டியது 2,700 ரூபாய்தான். மாதம் 5,300 ரூபாய் கையில் நிற்கும். கிலோமீட்டருக்கு 70 காசு இல்லை, 1 ரூபாய் 35 காசு, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாமல் பொது நிலையத்தை நம்புகிறவர்களுக்கு யூனிட் 20 ரூபாயைத் தொடும் இடங்களும் உண்டு. அவர்கள் பாடு கொஞ்சம் சிரமம்தான், அப்போதும் பெட்ரோலை விடக் குறைவே.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

பெட்ரோல் கார் 11 லட்சம், அதே அளவு பேட்டரி கார் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு 2023-ல் தமிழக அரசு சாலை வரியை 18 சதவீதமாக உயர்த்தியது. பெட்ரோல்காரர் 1 லட்சத்து 98 ஆயிரம் கட்டுவார். பேட்டரி காருக்கு வரி விலக்கு இருந்தால் வித்தியாசம் 2 லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கும். 3 வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே போட்ட பணம் திரும்பிவிடும். விலக்கு இல்லை என்றால்? 2 லட்சத்து 70 ஆயிரம் வரி! 7 வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

தமிழக அரசின் 2023 கொள்கையில் 2025 டிசம்பர் 31 வரை முழு விலக்கு என்று சொல்லப்பட்டிருந்தது. எனவே முன்பணம் கட்டும் முன், இன்றைய உத்தரவு என்ன என்பதை ஆர்.டி.ஓ. ஆபீசிலேயே கேட்டுவிடுவது நல்லது. வருமான வரியில் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் கழிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்குத்தான் அது.

மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓட்டாமல், ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்கும் கோயிலுக்கும் மட்டும் வண்டி எடுப்பவர்களுக்கு விலக்கு இருந்தாலும் 6 வருஷம் ஆகும். இவர்கள் அவசரப்படத் தேவையில்லை.

ஹைபிரிட் எப்படி?

சார்ஜ் போட இடமில்லாதவர்கள் ஹைபிரிட் பக்கம் பார்க்கிறார்கள். பெட்ரோல் போட்டால் போதும், பிளக் தேவையில்லை. கிண்டி, கோயம்பேடு நெரிசலில் வண்டி ஊர்ந்தால் என்ஜின் அணைந்து பேட்டரி இழுக்கும். ஊருக்குள் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைத்தாலே மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் பேட்டரி காருக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், பெரிய ஹைபிரிட் காருக்கு 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகும் 40 சதவீதம். மூன்றாம் நபர் இன்சூரன்சில் 2022-ல் பேட்டரி காருக்கு 15 சதவீதமும், ஹைபிரிட்டுக்கு ஏழரை சதவீதமும் தள்ளுபடி தந்தார்கள். சில நூறு ரூபாய்தான்!

அடுக்குமாடி தகராறு

அடுக்குமாடி வீடுகளில் தலைவலியே வேறு. "பொது மீட்டரில் சார்ஜ் போடக்கூடாது" என்று சங்கத்தார் மல்லுக்கு நிற்பது உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஒருத்தர் காருக்கு எல்லோரும் ஏன் பணம் கட்ட வேண்டும்? தன் வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுத்து சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அதைக் காட்டிப் பேசலாம். பெரிய சார்ஜர் வைப்பவர்கள் மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஏறட்டும் என்பவர்களுக்கு 15 ஆம்பியர் பிளக்கே போதும்.

இன்னொன்று, வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் கார்கள் தண்ணீரில் மிதந்தது யாருக்கும் மறந்திருக்காது. பேட்டரி காரில் விலை உயர்ந்த பாகமே அடியில்தான் இருக்கிறது. பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் வாரன்டி என்பது பரவலாக உள்ள வழக்கம். ஆனால் வெள்ளத்தில் மூழ்கினால் அது கைகொடுக்காது. வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் குடியிருப்பவர்கள் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, தண்ணீரில் பேட்டரி கெட்டால் பணம் கிடைக்குமா என்று கேட்டு, எழுத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.