தராசில் ஏறும் தண்ணீர்

பூந்தமல்லியில் சிறிய பிரியாணிக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விறகுத் தொட்டியில் பச்சைச் சவுக்கு மலிவாகக் கிடைக்கிறது. காய்ந்தது வேண்டுமென்றால் கிலோவுக்குக் கூடக் கேட்கிறார்கள். எது லாபம்?" அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை 'விறகு அடுப்பு பிரியாணி' பலகைகள் பெருகிவிட்ட காலத்தில் இது பலருக்கும் பயன்படும் கேள்வி.

கணக்கை முதலில் போட்டுவிடலாம். வெட்டிக் கொஞ்ச நாளே ஆன 100 கிலோ விறகில் 40 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்ததில் 20 கிலோ. ஈரமே இல்லாத கட்டை, எந்த மரமானாலும், கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோ கலோரி தரும். உள்ளே இருக்கும் தண்ணீரை ஆவியாக்கக் கிலோவுக்கு 610 கிலோ கலோரி செலவு. கழித்துப் பார்த்தால் பச்சை விறகில் மிஞ்சுவது ஏறக்குறைய 2,46,000, காய்ந்ததில் 3,48,000. பச்சை விறகு 10 ரூபாய் என்றால் காய்ந்ததை 14 ரூபாய்க்கு வாங்கினாலும் நஷ்டமில்லை.

ஈரத்தைக் கொதிக்க வைப்பதிலேயே சூடெல்லாம் போய்விடுகிறது என்று வழக்கமாகச் சொல்வார்கள். பச்சை விறகில்கூட அதற்குப் போவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரிய இழப்பு தராசிலேயே நடந்துவிடுகிறது: 40 கிலோ தண்ணீரை மரத்தின் விலைக்கு வாங்குகிறோம். தொட்டிக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. அவர் அடுக்கிவைத்த 100 கிலோ பச்சை விறகு, காய்ந்து முடிக்கும்போது 75 கிலோதான் நிற்கும். கூடுதல் விலை அந்த எடைக்கும், அடைபட்ட இடத்துக்கும், முடங்கிய பணத்துக்கும்.

அந்தத் தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. மரத்துக்குள் அது இரண்டு இடத்தில் இருக்கிறது: நீளநீளமான செல் குழாய்களுக்குள் சும்மா நிற்பது ஒன்று, குழாயின் சுவருக்குள் ஊறி ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. துவைத்துக் கொடியில் போட்ட துணியை நினைத்துக்கொள்ளுங்கள். சொட்டச் சொட்ட வடிவது குழாய்த் தண்ணீர். அது சீக்கிரம் போய்விடும். சொட்டு நின்ற பிறகு நூலுக்குள் தங்குவது சுவர்த் தண்ணீர். போவதற்கு மனசே வராது. அது போகும்போது புதுக் கோரா வேட்டி மாதிரி மரமும் சுருங்கும். கட்டையின் வெட்டு முகத்தில் நடுவிலிருந்து விரியும் வெடிப்பு அந்தச் சுருக்கத்தின் அடையாளம். பட்டை உரிக்காத உருட்டுக் கட்டை, மடித்தபடியே காயப்போட்ட ஜீன்ஸ். மேலே தொட்டால் மொடமொடப்பு, இடுப்புப் பட்டையில் மூன்று நாள் ஈரம். பிளப்பது என்றால் அதை உதறி விரிப்பது. துண்டு போடுவது இன்னும் நல்லது, ஏனென்றால் தண்ணீர் நாரின் குறுக்கே நகர்வதைவிட நாரோட்டத்தில் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஓடும்; வெட்டு முகம்தான் அதற்கு வாசல். ஐப்பசி அடைமழையில் கொடித்துணி ஓர் அளவுக்கு மேல் காயாமல் நமுத்து நிற்பதுபோல, விறகும் காற்றின் ஈரத்தோடு சமரசம் செய்துகொள்ளும். சென்னையில் பெரும்பாலான மாதங்களில் அது 12 முதல் 18 சதவீதம் வரை. 'எட்டே சதவீத ஈரம்' என்று விலை ஏற்றி விற்பதை வாங்கினாலும், கிடங்கில் கிடந்தால் காற்று அதைத் திரும்ப ஏற்றிவிடும்.

மேலே போட்ட கணக்கில் சேராத இழப்பு ஒன்று உண்டு: புகை. அடுப்பில் கொழுந்துவிட்டு எரிவது கட்டையிலிருந்து கிளம்பும் வாயு. கட்டை 250, 300 டிகிரி சூடேறினால்தான் அது தாராளமாக வரும். உலர்ந்த எடையில் முக்கால் பங்கு இப்படித்தான் வெளியேறுகிறது. ஈரம் இருக்கும்வரை கட்டையின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. வாயு முழுக்க எரிய அடுப்புக்குள் 600 டிகிரியாவது வேண்டும். நீராவி அதையும் தணித்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் எரியாமலே புகையாகிறது, அண்டா முன்னால் நிற்கும் மாஸ்டரின் நெஞ்சுக்குள் போகிறது. சவுக்கு பச்சையிலேயே எரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புகையை மூச்சாக இழுப்பவரைக் கேட்காமல் அதைப் பெருமையாகச் சொல்லக்கூடாது. எந்தப் 'புகையில்லா அடுப்பு' விளம்பரமும் பச்சைக் கட்டையை உலர்த்தித் தராது.

சவுக்கு நம் பக்கம் பரவிய கதை ரயிலோடு சேர்ந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் ரயில், இன்றைய அம்பத்தூர், ஆவடி தடத்தில்தான் போனது. இங்கிலாந்து நிலக்கரி கட்டுப்படியாகாமல் எஞ்சின்களுக்கு விறகு போட்டார்கள். அதற்கும் நகரத்து அடுப்புகளுக்குமாகக் கடலோரத்தில் தோப்புகள் எழுந்தன. இங்கே அவ்வளவு போதும்.

வீட்டைச் சூடாக்க விறகு வாங்கும் குளிர்நாடுகளில் ஏற்பாடு வேறு. அமெரிக்காவில் 'கார்டு' என்ற 128 கன அடி அடுக்காக விற்கிறார்கள். கொள்ளளவுக்கு விலை என்பதால் தண்ணீருக்குக் காசில்லை. இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம்மூர் எடைமேடை மரத்தையும் தண்ணீரையும் பிரித்துப் பார்க்காது.

ஈரமானி வாங்கலாமா என்றும் அந்தப் பூந்தமல்லி வாசகர் கேட்டிருக்கிறார். அதன் ஊசி மேல்பரப்பைத்தான் தொடும். கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்தினால்தான் பயன். 30 சதவீதத்துக்கு மேல் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. அதைவிட மளிகைத் தராசே நல்ல கருவி. ஒரே கட்டையில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. பங்குனி, சித்திரையில் பச்சையாக மலிவாக வாங்கிப் பிளந்து, செங்கல் மேல் தரையைத் தொடாமல் அடுக்கினால், வைகாசி, ஆனி மேற்குக் காற்று பாதி வேலையைச் செய்துவிடும். மழைக்கு மேலே மட்டும் தார்ப்பாய் போடுங்கள். நாலு பக்கமும் மூடினால் உள்ளேயே புழுங்கும். காய்ந்த விறகு ஒரு மழையில் நனைந்தால் பதற வேண்டாம். அது தோல் ஈரம். இரண்டு மூன்று நாள் வெயிலில் போய்விடும்.