பேசும் வீடு!
பத்தில் ஒரு வாட் சக்தியில் ஒரு வானொலி நிலையம்

அமெரிக்காவில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. வாசலில் ஒரு பலகை. பலகையில் ஓர் எண். தெருவில் காரில் போகிறவர் அந்த எண்ணுக்கு ரேடியோவைத் திருப்புகிறார். உடனே வீடு பேசுகிறது! எத்தனை அறைகள், என்ன விலை என்று எல்லா விவரமும் சொல்கிறது.

பேசுவது வீடு அல்ல. வீட்டுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஒலிபரப்புக் கருவி. அதன் சக்தி எவ்வளவு தெரியுமா? பத்தில் ஒரு வாட்! ஒரு 40 வாட் பல்பின் சக்தியில் 400-ல் ஒரு பங்கு!

மூன்று நிபந்தனைகள்

அந்த நாட்டில் 510 முதல் 1705 கிலோ ஹெர்ட்ஸ் வரை இப்படி ஒலிபரப்ப லைசென்ஸ் தேவை இல்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. சக்தி பத்தில் ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது. ஏரியல், அதற்குப் போகும் கம்பி, எர்த் கம்பி மூன்றும் சேர்ந்து 3 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. லைசென்ஸ் பெற்ற நிலையத்துக்கு இடைஞ்சல் நேர்ந்தால் ஒலிபரப்பை நிறுத்திவிட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். 1600 கிலோ ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 187 மீட்டர். அதில் கால் பங்கு உயரம் இருந்தால் ஏரியல் நன்றாக வேலை செய்யும். அதாவது 47 மீட்டர்! இரண்டு தென்னை மர உயரம்! 3 மீட்டர் கம்பி எந்த மூலைக்கு?

ஊஞ்சல் தந்திரம்

இதற்கு ஒரு வழி உண்டு. ஏரியலோடு ஒரு கம்பிச் சுருளைச் சேர்க்கிறார்கள். குட்டைக் கம்பியின் குறையை இந்தச் சுருள் ஈடு செய்கிறது.

ஊஞ்சலைப் பாருங்கள். அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால், குழந்தை தள்ளினாலும் உயரப் போகும். நேரம் தவறித் தள்ளினால் பயில்வான் தள்ளினாலும் பயன் இல்லை. கருவியின் அதிர்வும் ஏரியலின் அதிர்வும் அப்படி ஒத்துப் போக வேண்டும். வீணைக்குச் சுருதி சேர்ப்பது போன்ற வேலை இது.

எப்படி அமைக்கிறார்கள்?

முதலில் காலியான இடம் தேட வேண்டும். பகலில் கேட்டால் மட்டும் போதாது. இரவில் வெகு தூரத்து நிலையங்களும் வானத்தில் பட்டுத் திரும்பி வந்து கேட்கும். ஆகவே இரவிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். எண் கூடக் கூட அலை குட்டையாகும். குட்டை ஏரியலுக்கு அதுவே நல்லது.

அடுத்து எர்த். மண்ணில் ஆழமாக இறங்கிய கம்பி வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் உள்ள சக்தியும் வீணாகும்.

பிறகு மீட்டரைப் பார்த்துக்கொண்டே திருப்புளியால் மெல்லத் திருப்ப வேண்டும். முள் உச்சிக்கு ஏறும் இடமே சரியான இடம். திருப்புளி பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். இரும்பு பட்டாலும், கை நெருங்கினாலும் சுருதி மாறிவிடும்! ஒவ்வொரு முறையும் விலகி நின்று முள்ளைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் குரலின் அளவு. குறைந்தால் இரைச்சல் விழுங்கிவிடும். மிஞ்சினால் பேச்சு கரகரக்கும்.

இத்தனையும் சரியாக அமைந்தால் சில நூறு மீட்டர் தூரம் தெளிவாகக் கேட்கும். ஒன்று தவறினாலும் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது!

சென்னையின் 40 வாட்

சின்னக் கருவி என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். சென்னையின் வானொலிக் கதையும் அப்படித்தான் தொடங்கியது. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியவர்கள் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பு ஆரம்பம். கருவியின் சக்தி வெறும் 40 வாட். ஒரு பல்பின் அளவு!

பணமுடையால் 1927-ல் கிளப் ஓய்ந்தது. ஆனால் கருவி வீணாகவில்லை. சென்னை மாநகராட்சியிடம் போய்ச் சேர்ந்தது. 1930-ல் மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

ஒரு எச்சரிக்கை: அமெரிக்கச் சட்டம் அமெரிக்காவுக்குத்தான். நம் நாட்டில் அரசின் அனுமதி இல்லாமல் வானொலி நிலையம் நடத்தக் கூடாது. ஆசைப்படுகிறவர்கள் முதலில் சட்டம் தெரிந்த பிறகே கருவியைத் தொட வேண்டும்!