சம்பளச் சீட்டில் சொக்சோ இல்லையா? அதற்காக விபத்தை மறைக்காதீர்கள்

பகாவ், தம்பின், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை தோளில் விழுவதும், தூசு கண்ணில் பாய்வதும் புதிதல்ல. அடிபட்டவர் கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்துவிடுகிறார். சம்பளச் சீட்டில் சொக்சோ பிடிக்காததால் தனக்குக் காப்புறுதியே இல்லை என்று அவரே முடிவு கட்டிவிடுகிறார். பல வேளைகளில் அது தவறான முடிவு.

விபத்து குறித்துத் தகவல் வந்ததும், சொக்சோ எனும் பெர்கேசோ முதலில் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்கும். விபத்து நடந்த அன்று அவர் ஒரு முதலாளியிடம் வேலை செய்தாரா? விபத்து வேலையின்போது ஏற்பட்டதா? வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும் அது கணக்கில் சேரும்; வேறு சொந்த வேலைக்காக வழிமாறிப் போயிருந்தால் சிக்கல்தான்.

60 வயதைத் தாண்டியவர்கள் இன்றும் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளத்தில் சொக்சோ பிடிக்க மாட்டார்கள். ஆனால் தொழில் விபத்துக்கான சந்தாவை முதலாளி மட்டுமே கட்டவேண்டும் என்பது விதி. ஆகவே சீட்டில் காணவில்லை என்பதால் காப்புறுதி இல்லை என்று ஆகிவிடாது.

முதலாளி பதிவே செய்யாமல் இருந்தால்? 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது முதலாளியின் குற்றம். அதனால் தொழிலாளி தொழில் விபத்து உதவியை இழப்பதில்லை. நிலுவையை வசூலிப்பது பெர்கேசோவின் பாடு. (இயலாமை ஓய்வூதியம் வேறு கதை, அங்கே சந்தா கட்டிய மாதங்களை எண்ணிப் பார்ப்பார்கள்.)

குத்தகைக்காரர் வழியாக வந்தவர்களைத்தான், "நீ எங்கள் ஆள் இல்லை" என்று கிராணி எளிதில் திருப்பி அனுப்பிவிடுகிறார். தோட்டத்துக்குள் தோட்டத்தின் வேலையைச் செய்பவருக்குக் குத்தகைக்காரர் மட்டுமல்ல, தோட்ட நிர்வாகமும் பொறுப்பு. சொந்த நிலத்தில் வெட்டுபவர் மட்டும் 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சட்டத்தின் கீழ் தானே முன்கூட்டிப் பணம் கட்டியிருக்கவேண்டும். விபத்துக்குப் பிறகு கட்டி அதைக் காட்ட முடியாது.

கிளினிக்கில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்கும்போது, வேலையில்தான் என்று சொல்லிவிடுங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று முதல் சீட்டில் பதிவானால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. 4 நாளுக்குக் குறையாத எம்.சி. கிடைத்தால், சராசரி நாள்கூலியில் 80 விழுக்காடு வரை தற்காலிக ஊன உதவிக்கு வழி உண்டு.

முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவித்தாகவேண்டும். அவர் இழுத்தடித்தால் மை கார்டு, எம்.சி., பழைய சம்பளச் சீட்டுகள், கூட வேலை செய்தவரின் பெயர் ஆகியவற்றோடு தொழிலாளியோ வீட்டாரோ நேராகச் சிரம்பான் பெர்கேசோ அலுவலகத்துக்குப் போகலாம். சம்பளச் சீட்டே கொடுக்காத இடமாக இருந்தால், கூலி வரவு வைத்த வங்கிக் கணக்குப் பதிவையும் எடுத்துச் செல்லுங்கள்.