ஒரே ஒரு கிழிசல்... 75,000 டாலர் காலி! பழைய காமிக்ஸை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில் ஒருவர் 10,100 டாலருக்குப் பழைய வீடு ஒன்றை வாங்கினார். புதுப்பிக்கலாம் என்று சுவரை உடைத்தால், உள்ளே அடைத்து வைத்திருந்த பழைய பேப்பர்களுக்கு நடுவே ஒரு காமிக்ஸ் புத்தகம்! 1938-ல் 10 சென்ட் விலையில் வெளியான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ். சூப்பர்மேன் முதன்முதலாகத் தலைகாட்டிய புத்தகம்.

உறவினர் ஒருவர் ஆர்வத்தில் அதை எடுக்க, இவர் வெடுக்கென்று பிடுங்க, பின் அட்டை கிழிந்துபோனது. 2013-ல் நடந்த ஏலத்தில் அது 1,75,000 டாலருக்கு விற்றது. அந்தக் கிழிசல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் 75,000 டாலர் கிடைத்திருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள் ஏலம் விட்டவர்கள்.

மார்க் போடுவது யார்?

பழைய காமிக்ஸுக்குத் தரம் சொல்வதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய சிஜிசி அவற்றில் முக்கியமானது. 0.5 முதல் 10 வரை மதிப்பெண். 10 என்றால் அப்பழுக்கே இல்லாதது. மினசோட்டா புத்தகத்துக்குக் கிடைத்தது 1.5.

முதுகுப் பகுதியில் மடிப்பு இருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா, பின் துருப்பிடித்திருக்கிறதா, தாள் எந்த அளவுக்குப் பழுத்திருக்கிறது, பக்கம் ஏதும் குறைகிறதா என்று ஒன்றுவிடாமல் பார்ப்பார்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து சீல் வைத்துவிடுவார்கள்.

கிழிந்ததை ஒட்டிட்டா சரியாகிடுமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வெளுத்த இடத்தில் மார்க்கரால் கலர் அடிப்பது, கிழிந்த இடத்தில் பசை தடவுவது, பிசிறான ஓரத்தை வெட்டி நேராக்குவது எல்லாமே 'ரெஸ்டோரேஷன்' கணக்கில் வந்துவிடும். பூதக்கண்ணாடி, புற ஊதா ஒளி என்று வைத்துப் பார்த்தால் புது மையும் பசையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படிச் சிக்கினால், வழக்கமான நீல நிற லேபிளுக்குப் பதிலாக ஊதா நிற லேபிள். பளபளவென்று இருந்தாலும், அதே மதிப்பெண் பெற்ற கை வைக்காத பிரதிக்குக் கிடைக்கும் விலை இதற்குக் கிடைக்காது. பணம் கொடுப்பவருக்கு வேண்டியது அழகு மட்டுமல்ல, அசல்!

அப்படியென்றால் பழுதுபார்க்கவே கூடாதா? உதிரும் நிலையில் உள்ள புத்தகத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அதற்குத் தேர்ந்த நிபுணர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் மாவுப் பசையையும் பயன்படுத்துகிறார்கள். தேவைப்பட்டால் பிறகு பிரித்துவிடலாம் என்பதுதான் இதன் சிறப்பு. ஆனால், வெட்டிய ஓரத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

வீட்டில் பழைய காமிக்ஸ் இருந்தால்?

* செலோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை தாளில் ஊறிக் கறையாகிவிடும்.
* அயர்ன் பாக்ஸ், லேமினேஷன், ரப்பர் பேண்ட் வேண்டாம்.
* அமிலம் இல்லாத அட்டையோடு பாலியஸ்டர் உறையில் போட்டு நிமிர்த்தி வைக்கலாம்.
* மரக்கூழில் செய்த மலிவான தாள் என்பதால் வெயிலும் சூடும் ஈரமும் ஆகாது.

பத்திரமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அம்மா மறைந்த பிறகு, வடக்கு கலிஃபோர்னியாவில் உள்ள அவரது வீட்டைச் சுத்தம் செய்த சகோதரர்கள் மூவர், பரணில் ஒரு அட்டைப் பெட்டியைப் பார்த்தார்கள். உள்ளே 1939-ல் வந்த 'சூப்பர்மேன்' முதல் இதழ். அந்தப் பகுதியின் குளிர்ச்சியான வானிலையே தாளைக் காப்பாற்றியிருக்கிறது. சிஜிசி கொடுத்த மதிப்பெண் 9. 2025 நவம்பரில் 91.2 லட்சம் டாலருக்கு, அதாவது சுமார் 80 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது.

நம்மூர்ப் பரண்களில் கிடக்கும் பழைய முத்து காமிக்ஸுக்குக் கோடிகள் கிடைக்காமல் போகலாம். ஆனால் தாள் எங்கேயும் தாள்தான். தூசி தட்டும்போது, டேப்பை மட்டும் கையில் எடுக்காதீர்கள்!